மலைச்சாலை யாருக்கு?

போன இதழ் தாமதமானதற்கு வசைக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வரவேண்டியதுதான். அம்பேத்கர் பிறந்தநாள் சிறப்பிதழ் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 2025 ஏப்ரல் 14 சாயங்காலம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது கட்டு வந்து இறங்கினால் தோழர்கள் திட்டாமல் என்ன செய்வார்கள்? கொண்டுவந்தது நானூறு பிரதி. அன்றைக்கு விற்றது பதினொன்று. அதில் மூன்றுக்குக் காசு இன்னும் வரவில்லை.

நடந்தது இதுதான். இதழ் கோவையில் அச்சாகிறது. 13ஆம் தேதி ராத்திரி கட்டு தயார். மறுநாள் தோழர் ஒருவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ஊட்டி போகிற அரசுப் பேருந்தில் ஏறினார். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர். மற்ற நாளில் இரண்டு, இரண்டரை மணி நேரம். அன்றைக்கு ஆறு மணி நேரம். சனி, ஞாயிறு, திங்கள் சித்திரை முதல்நாள் என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்துவிட்டது. கல்லாறில் கார்கள் இ-பாஸ் காட்ட நிற்கின்றன, அந்த வரிசைக்குப் பின்னால் பஸ் நிற்கிறது. பர்லியார் தாண்டினால் மறுபடி நிற்கிறது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தும் நின்றும் எழுபது பேர். எஸ்டேட்டுக்குத் திரும்புகிறவர்கள், கோவைப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டு மருந்துப் பையோடு வருகிறவர்கள், மடியில் பிள்ளையை வைத்த அம்மாக்கள். முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர், மூன்று பேர். தோழர் பஸ் ஜன்னலிலிருந்து எண்ணியிருக்கிறார். இருபது காரைச் சேர்த்தாலும் எங்கள் ஒரு பஸ்ஸின் தலைக்கணக்கு வரவில்லை என்றார்.

இந்தக் காரணத்தைச் சொல்லி ஒரு கார்டு அச்சடித்துச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினேன். தெற்குச் சீமையிலிருந்து ஒரு தோழர் பதில் போட்டிருந்தார். வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தவனுக்கு இன்னும் தண்டனை இல்லை, நீங்கள் ஊட்டி டிராபிக்கைப் பற்றி அழுகிறீர்களே, கார் வைத்திருக்கிறவன் பிரச்சினை நமக்கு எதற்கு என்று. கோபம் நியாயமானது. ஆனால் தோழரே, கார் வைத்திருக்கிறவன் பிரச்சினை என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வருத்தம். எங்கள் மலையில் அது கார் இல்லாதவன் பிரச்சினை. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் கணக்கு. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு கொடுத்த விவரப்படி, ஏப்ரல் முதல் ஜூன் வரையான சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு 20,011 வண்டிகள் வருகின்றன. அதில் கார் மட்டும் 11,509. பேருந்து 637. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலையில் முக்கால்வாசி இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள், யார் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று தெரியும். 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகரத்தின் மொத்த மக்கள்தொகையே தொண்ணூறாயிரத்தைத் தொடவில்லை. நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 சீசனுக்குத்தான் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிக்கும் வரம்பு கிடையாது. வியாபாரிகள் ஏப்ரல் தொடக்கத்தில் கடையடைப்புச் செய்தார்கள்.

அந்த வாரம் என் கவுண்டருக்கு முன்னால் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார். சொந்த நாட்டில் ஒரு ஊருக்குப் போக பாஸா, இது என்ன அடிமைத்தனம் என்று. நல்ல மனிதர், டெபாசிட்தாரர். நான் சிரித்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மேனேஜர் கூப்பிட்டிருப்பார். சொந்த ஊரில் ஒரு தெருவுக்குள் போக ஆயிரம் வருஷமாகப் பாஸ் கிடைக்காத ஜனம் நாங்கள். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருக்கிற சாலையில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. பாஸ் என்ற வார்த்தை உங்களுக்குப் புதுசு ஐயா, எங்களுக்குப் பழசு.

இந்த மலைக்கு யார் எதில் ஏறி வந்தார்கள் என்பதற்கே ஒரு சாதிச் சரித்திரம் எழுதலாம். 1834இல் மெக்காலே சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்தார். கவர்னர் ஜெனரல் பென்டிங் இங்கே இருந்தார், அவரைப் பார்க்க. எதில் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்களின் தோளில். பல்லக்கில் நானூறு மைல். இங்கிலீஷ் கல்விக்கு வழி திறந்தவர் என்று நம்மில் சிலர் மெக்காலேவைக் கொண்டாடுகிறோம், கொண்டாடுவோம். ஆனால் அந்தப் பல்லக்குக்கு அடியில் இருந்த தோள்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு ரயில் வந்தது. 1899இல் குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. 2005இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னம் என்றது. மலையைக் குடைந்து பாதை போட்ட கூலிகளை யாரும் பாரம்பரியம் என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சுற்றுலாக்காரர்களுக்கு எந்தக் கைடும் சொல்லாதது. அயோத்திதாசப் பண்டிதர் வாழ்ந்த மலை இது. 1870களில் அத்வைதானந்த சபையை அவர் நிறுவியது இங்கேதான். இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்குப் போய் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்குவதற்கு முன்பு, இந்த மலையில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதாவது குமாஸ்தா. என் சாதி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிற ஒரே பெருமை இது, குமாஸ்தா சாதி. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வந்ததும் இந்த மலைக்குத்தான். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 2011 கணக்குப்படி இந்த மாவட்டத்து ஜனத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் பட்டியல் சாதி. பூவைப் பார்க்க வருகிறீர்கள், ஏரியைப் பார்க்க வருகிறீர்கள். இந்த மூன்றில் ஒருவர் எங்கே இருக்கிறார்? கார் கண்ணாடிக்கு வெளியே ஓரத்தில் பச்சைச் சட்டை போட்டுக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

என் அப்பா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. முப்பத்தோரு வருஷம். சீசன் என்றால் அவருக்கு விடியற்காலை மூன்றரை மணி. மலர்க் கண்காட்சி வாரத்தில் ரெண்டு வேளை வேலை. கார் வரிசை நிற்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பெட்ரோல் புகையைப் பற்றிப் பேசுகிறார்கள், யானையைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். வரிசையில் மூன்று மணி நேரம் நிற்கிற மனுசனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. கார்க்கதவைத் திறந்து இறங்குவார்கள், சரிவுப் பக்கம் போவார்கள், திரும்பி ஏறுவார்கள். குழந்தைக்கு மாட்டிய அந்த உறையைச் சுருட்டி ஓடைப்பக்கம் எறிவார்கள். மறுநாள் காலையில் அதை எடுக்கிறது எங்கப்பன் கை. 2013இல் மலம் அள்ளத் தடைச் சட்டம் வந்துவிட்டது என்கிறார்கள். சட்டம் கக்கூஸைப் பற்றிப் பேசுகிறது. மலைச்சாலை ஓரம் முழுக்கக் கக்கூஸாகிற எட்டு வாரத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது? “சீசன்ல ஊரே நமக்கு வீட்டு வாசல் மாதிரி, கூட்டிக்கிட்டே இருக்கணும்” என்பார் அப்பா. சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் அப்படித்தான்.

2019 மே மாதம், அவர் ஓய்வுபெற்று எட்டு மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. இங்கே பார்த்துவிட்டு உடனே கோவைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அப்போது இந்த மலையில் மருத்துவக் கல்லூரி கிடையாது, எதற்கும் கீழேதான் இறங்க வேண்டும். 108 வண்டி உடனே கிடைத்தது. ஓட்டுநர் தம்பி உயிரைக் கொடுத்து ஓட்டினான். ஆனால் குன்னூருக்குக் கீழே சாலையே இல்லை, கார்தான் இருந்தது. மேலே வருகிறவன் பொறுமையில்லாமல் வலது பக்கம் ஏறி முந்தப் பார்த்து, இறங்குகிறவனுக்கும் வழியில்லாமல், கொண்டை ஊசி வளைவில் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சைரன் அலறுகிறது. ஒருவரும் பின்னால் எடுக்க முடியாது, பின்னால் இன்னொரு கார். ஒரு கார்க்காரர் இறங்கிக் குரங்குக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவரும் நகர முடியாமல்தான் நிற்கிறார். ஒரு மணி ஐம்பது நிமிஷம். நான் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. அப்பா பிழைத்துக்கொண்டார். வலது கை பிழைக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் விளக்குமாறு பிடித்த கை.

இதைச் சொன்னதால் நான் கார்களுக்கு எதிரி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. எங்கள் காலனியில் முதல் ஸ்கூட்டர் என்னுடையது. வங்கியில் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஊழியர் கடனில் வாங்கியது. வாங்கின அன்றைக்கு அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து, அவர் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு போகிற அதே கடைத்தெருவில் மேலும் கீழுமாக மூன்று தடவை ஓட்டினேன். வேலை ஒன்றும் கிடையாது, சும்மா. பெட்ரோல் வீண், புகை வேறு. சூழலியல் தோழர்கள் மன்னிக்க வேண்டும். அந்த மூன்று ரவுண்டை நான் எந்தப் பசுமைக்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஏனென்றால் வண்டி நமக்கு வெறும் வண்டி அல்ல. 1901இல் சிறுவன் அம்பேத்கர் அப்பாவைப் பார்க்கப் போனபோது, தீண்டப்படாத பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரன் ஏற்றமாட்டேன் என்றான். இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள, அவன் கூடவே நடந்துவந்தான். 1929இல் சாலிஸ்காவில் அவர் பெரிய பாரிஸ்டர். அப்போதும் குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்தார்கள். வண்டி ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் ஓட்டி, பாலத்தில் கவிழ்ந்து, அவருக்குக் கால் முறிந்தது. அவர் சுற்றுலாப் போன கதையும் உண்டு. 1934இல் முப்பது தோழர்களோடு பஸ்ஸும் காரும் வாடகைக்குப் பிடித்து வெரூல் குகை பார்க்கக் கிளம்பினார். வழியில் தௌலதாபாத் கோட்டை. தூசியில் வந்தவர்கள் வாசல் குளத்தில் முகம் கால் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டதென்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் கோட்டையைப் பார்க்கலாம், உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதத்தோடு ஒரு சிப்பாயைக் கூட அனுப்பினார்கள். டிக்கெட் எடுத்துவிட்டால் சுற்றுலாத் தலம் எல்லாருக்கும் ஒன்று என்று நம்புகிறவர்கள் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படிக்கட்டும்.

அது பழைய காலம் என்பீர்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவன் புல்லட் ஓட்டிப் போனதற்காகச் சாதியைச் சொல்லித் திட்டிக் கையை வெட்டினார்கள் என்று புகார்.

சரி, பஸ்ஸில் போகலாம் என்றால் பஸ் மட்டும் என்ன சமரச சன்மார்க்கமா? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது பஸ்ஸில்தான். அதை வழிமறித்துத்தான் வெட்டினார்கள். ஆறு உயிர். அதே வருஷம் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்று அறிவித்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம். அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. எங்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்த சேரனும் பெயரிழந்தான். சேரன், சோழன், பாண்டியன் மூவேந்தரும் சுந்தரலிங்கத்தோடு சேர்ந்து ஒரே ஸ்டாப்பில் இறங்கிப் போனார்கள்.

ஆகவே காரை விட்டுப் பஸ்ஸுக்கு வா என்று ஏசி அறையிலிருந்து ஒருவர் உபதேசம் செய்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். யாரைப் பார்த்துச் சொல்கிறாய்? பஸ்ஸை விட்டு எப்போதடா இறங்குவோம் என்று மூன்று தலைமுறையாகக் காத்திருக்கிறவனைப் பார்த்தா? இருந்தும் நான் சொல்கிறேன், இந்த மலைக்குக் கார் குறைய வேண்டும், பஸ் கூட வேண்டும். உபதேசமாக அல்ல. பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டவனாகச் சொல்கிறேன்.

நான் உட்கார்ந்திருப்பது வாகனக் கடன் பிரிவில். எந்த வங்கி என்று எழுதினால் இந்த இதழுக்கு ஆசிரியர் மிஞ்சுவார், சம்பளம் மிஞ்சாது. சம்பளச் சான்றோடு வருகிறவருக்குக் காலையில் மனு, சாயங்காலம் கார்க் கடன். காலனிப் பெண் நர்சிங் படிக்கக் கல்விக் கடன் கேட்டால், அப்பா கையெழுத்து, மாமா கையெழுத்து, ஜாமீன், அடுத்த மாதம் வாம்மா. இந்தக் கையால்தான் இரண்டு மனுவையும் வாங்குகிறேன். சாலையில் நிற்கிற அந்தக் கார் வரிசை வானத்திலிருந்து விழவில்லை. யாருக்குக் கடன் சுலபம், யாருக்குக் கஷ்டம் என்று பார்த்துப் பார்த்து நாங்கள் அனுப்பிவைத்த வரிசை.

எங்கள் காலனிப் பையன் ஒருவன் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறான், என் மேஜையில் எழுதிய கடன். வரம்பு வந்த வாரம் ஓடிவந்தான். “அண்ணா, வண்டி வராட்டி டியூ எப்படிங்ணா கட்டுவேன்?” அவன் பயத்தை வைத்துத்தான் கடையடைப்புக்காரர்கள் பேசினார்கள், ஏழை டிரைவர் வயிற்றில் அடிக்காதே என்று. அவனிடம் கேட்டேன், சொந்தக் காரில் வருகிறவன் உன் வண்டியில் ஏறுகிறானா? யோசித்தான். “இல்லீங்ணா, அவன் ஏன் ஏறுறான்? பஸ்லயும் ரயில்லயும் வர்றவங்கதான் ஏறுவாங்க.” அவ்வளவுதான் விஷயம். சமவெளிக் கார் கீழேயே நின்றால் இவன் வண்டிக்குச் சவாரி, ஆட்டோவுக்குச் சவாரி. நடந்து போகிறவன்தான் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வாங்குவான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரிசார்ட் கேட்டுக்குள் நேராக நுழைகிறவனால் அந்த ரிசார்ட்டுக்கு லாபம், எங்கள் காலனிக்கு அவன் விட்டுப்போகிற குப்பைதான்.

இ-பாஸை நாம் எதிர்க்கக் கூடாது. ஆனால் அது பாதி வேலை. காரை எண்ணினார்கள், பஸ்ஸை எண்ணவில்லை. எட்டாயிரம் வண்டிக்கு மேல் வராதே என்று சொன்ன அதே மூச்சில், வரமுடியாதவர்களுக்கு இத்தனை பேருந்து என்று சொல்லியிருக்க வேண்டாமா? வார இறுதியில் கார் பாஸ் தீர்ந்தால் செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வர முடிகிறவன் யார்? ஞாயிறு ஒரு நாள்தான் லீவு என்கிற திருப்பூர்ப் பனியன் கம்பெனிப் பெண் யார்? அவளுக்கும் ஊட்டி பார்க்க ஆசை உண்டு. அவள் குடும்பத்தோடு குளிரில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், கூட்ட நெரிசலில் தொங்காமல், மரியாதையாக. கல்லாறிலும் மேட்டுப்பாளையத்திலும் கார்களை நிறுத்தப் பெரிய இடம், அங்கிருந்து கால் மணிக்கு ஒரு சின்னப் பேருந்து, வழியில் தண்ணீரோடு கழிப்பறை, சீசனுக்கென்று கூடுதல் துப்புரவாளர்கள், அதுவும் தினக்கூலி ஒப்பந்தம் இல்லாமல் நிரந்தரச் சம்பளத்தில். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021இல் சமவெளிக்கு வந்தது, மலைக்கு வர 2024 ஆனது. மலை ஏற எல்லாமே தாமதம், காரைத் தவிர.

வண்டியே வேண்டாம் என்று சொல்கிறவர்களையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். மும்பைக்குப் பக்கத்தில் மாத்தேரான் என்று ஒரு மலை வாசஸ்தலம். மோட்டார் வாகனத்துக்கு அங்கே தடை. சுத்தமான காற்று, அமைதி, படம் பிடிக்கச் செம்மண் பாதை. அப்படியானால் நடக்க முடியாத பணக்காரர் எதில் போவார்? கைரிக்‌ஷாவில். மனுசன் இழுத்தான். 2025 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி கவாய் அமர்வு, ஆறு மாதத்துக்குள் இதை ஒழித்து இழுத்தவர்களுக்கே மின் ரிக்‌ஷா கொடுங்கள் என்றது. மெக்காலே பல்லக்கு கிளம்பி நூற்றுத் தொண்ணூற்றோரு வருஷம். புகையில்லாத வண்டி என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அதை இழுப்பது யார் என்று கேளுங்கள்.

தெற்குச் சீமைத் தோழருக்கு என் பதில் இதுதான். திருப்தி இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள், போடுகிறேன். சந்தா பாக்கி வைத்திருக்கிறவர்கள் கடிதத்தோடு அதையும் சேர்த்து அனுப்பினால் தாள்காரருக்குக் கொடுக்க உதவும்.

இந்த இதழுக்கு ஏற்பாடு மாற்றியிருக்கிறோம். கட்டு இரண்டு நாள் முன்னதாகவே, கோத்தகிரி வழியாக, விடியற்காலை முதல் பஸ்ஸில் வருகிறது. இறக்குவதற்கு பஸ் ஸ்டாண்டுக்குத் தானும் வருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். வேண்டாம்ப்பா, குளிரும் என்றேன். கேட்கவில்லை. இடது கையால் ஐம்பது பிரதிக் கட்டு ஒன்றைத் தூக்க முடியுமாம். போன வாரம் பழைய இதழ்க் கட்டை வைத்துத் தூக்கிக் காட்டினார்.